பொட்ஸுவோலியில் படகைத் தவறவிட்ட கதை

நாங்கள் பொட்ஸுவோலியைப் பார்க்கக் கிளம்பவில்லை. புரோசிடா தீவுக்குக் கிளம்பினோம். தீவுக்குப் படகு ஏறும் இடம் என்பதைத் தாண்டி அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. படகு கண்ணெதிரே போன பிறகுதான் ஊர் கண்ணில் பட்டது.

2024 அக்டோபர், வியாழக்கிழமை. மகள் இத்தாலியில், நேப்பிள்ஸில் முதுநிலை படிக்கிறாள். அவளைப் பார்க்க நானும் அண்ணனும் போயிருந்தோம். அவளுக்கு வெள்ளி வரை வகுப்பு. "நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க, நான் சனிக்கிழமை வந்துடறேன்" என்று தீவில் அறை எடுத்துக் கொடுத்தாள். அண்ணன் ஈரோட்டில் முப்பது வருடமாகக் கட்டட கான்ட்ராக்டர். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் தடவிப் பார்ப்பார். புரட்டாசி வேறு, கவிச்சி கிடையாது. இது பின்னால் வரும்.

முதல் தப்பு என்னுடையது. நேப்பிள்ஸிலிருந்து பொட்ஸுவோலிக்கு இரண்டு ரயில் பாதைகள். ஒன்று, மெட்ரோ இரண்டாம் வழி என்று எல்லாரும் சொல்லும் வண்டி. அது ஊரின் மேட்டில் இறக்கிவிடும். இன்னொன்று மோன்டெசாந்தோ நிலையத்திலிருந்து கிளம்பும் கும்பானா என்ற பழைய சிறு ரயில். அது துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். வரைபடத்தில் இரண்டு நிலையங்களும் அடுத்தடுத்து இருப்பதுபோலத் தெரிந்தன. வரைபடத்தில் மேடு பள்ளம் எங்கே தெரிகிறது? மேட்டில் இறங்கி, எரிமலைக் கல் பாவிய சரிவில் சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தால் பெட்டி எங்களுக்கு முன்னால் ஓடுகிறது. கையில் தூக்கிக்கொண்டு இருபது நிமிடம் நடந்து கரைக்கு வந்தபோது படகு பாலத்தை மடித்துவிட்டது. அடுத்த படகு மதியம் என்றார்கள். மதியம் காற்று ஏறிவிட்டது, அன்றைக்கு இனிப் படகு இல்லை என்று ஒரு காகிதத்தை ஒட்டினார்கள். தீவில் எடுத்த அறைக்கு முதல் நாள் பணம் போனது போனதுதான். கடல் மேல் வழக்குப் போட முடியாது.

ஆகவே போகிறவர்களுக்கு: துறைமுகம்தான் நோக்கம் என்றால் கும்பானாவில் வாருங்கள், ஆனால் அது அன்று ஓடுகிறதா என்று காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நில அதிர்வு வந்தால் தண்டவாளத்தைச் சோதிக்கும் வரை வண்டியை நிறுத்திவிடுவார்கள். ஒரு வண்டிக்கு மட்டும் எடுத்த சீட்டு இன்னொன்றில் செல்லாது, இரண்டுக்கும் பொதுவான சீட்டு தனி. தீவில் முதல் இரவு அறை எடுக்கும்போது ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாக எடுங்கள், நூறு இருநூறு ரூபாய் கூட ஆனாலும்.

சரி, ஊருக்கு வருவோம்.

படகு இல்லை என்றதும் அண்ணன் துறையோரமாக நடக்க ஆரம்பித்தார். மீன்பிடிப் படகுகள் கட்டும் சிறிய உள்துறை ஒன்று இருக்கிறது, தார்ஸெனா என்பார்கள். பாதித் துறையில் தண்ணீரே இல்லை. சேற்றில் படகுகள் ஒருக்களித்துக் கிடந்தன. கயிறு கட்டும் இரும்பு வளையங்கள் படகுகளுக்கு எட்டாத உயரத்தில் சுவரில் தொங்கின. அவற்றுக்குக் கீழே பச்சையும் கறுப்புமாகப் பாசிக் கோடு, உலர்ந்து, சிப்பிகள் ஒட்டி.

"கடல் வத்திருச்சா?" என்று கேட்டேன்.

அண்ணன் குனிந்து கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கடல் எங்க அம்மிணி வத்தும்? வத்துனா எல்லா ஊர்லயுமல்ல வத்தணும். இது ஊரு மேல வந்திருக்குது."

அவர் சொன்னது சரி. பொட்ஸுவோலி நிற்பது காம்பி ஃப்ளெக்ரேயி என்ற எரிமலைப் பெருவாயின் நடுவில். பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம் அது, பாதி நிலத்தில், பாதி கடலுக்குள். மலை மாதிரி ஒன்றும் தெரியாது, அதனால் வந்தவர்கள் தூரத்து வெசுவியஸ் எரிமலையைப் படம் எடுத்துக்கொண்டு இதன் மேலேயே நின்றுகொண்டிருப்பார்கள். அடியில் வாயுவும் வெந்நீரும் எரிமலைக் குழம்பும் அழுத்தும்போது தரை மெல்ல எழும்பும். அழுத்தம் விட்டால் மெல்ல இறங்கும். இதற்கு பிராடிஸிஸ்மோ என்று பெயர், கிரேக்கத்தில் மெதுவான அசைவு என்று பொருள். 1969 முதல் 1972 வரை ஒன்றரை மீட்டருக்கு மேல் எழும்பியது. 1982 முதல் 1984 வரை இன்னும் 1.8 மீட்டர். பிறகு கொஞ்சம் இறங்கி, 2005 முதல் மறுபடி ஏறத் தொடங்கியது. நாங்கள் போனபோது அந்தக் கணக்கில் சுமார் 1.3 மீட்டர் ஆகியிருந்தது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற வேகம். நகம் வளர்வதைவிட வேகமாக ஊர் வளர்கிறது.

துறையிலிருந்து கொஞ்சம் நடந்தால், தெருவைவிடப் பள்ளத்தில், கம்பிவேலி போட்ட ஒரு சதுக்கம். செராப்பிஸ் கோயில் என்று இன்னும் எழுதுகிறார்கள். 1750-இல் தோண்டியபோது செராப்பிஸ் தெய்வத்தின் சிலை கிடைத்ததால் வந்த பெயர். உண்மையில் அது ரோமானியர் காலத்துச் சந்தை, நம் ஊர் தினசரி மார்க்கெட் மாதிரி சுற்றிலும் கடைகளும் நடுவில் வட்ட மண்டபமும். நடுவே மூன்று பளிங்குத் தூண்கள், ஒவ்வொன்றும் பன்னிரண்டு மீட்டர் உயரம். உள்ளே இறங்கத் தேவையில்லை, வேலிக்கு வெளியிலிருந்தே நன்றாகத் தெரியும், காசும் இல்லை. பலர் ஒரு படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். நாங்கள் அங்கே ஒரு மணி நேரம் நின்றோம்.

தூணின் அடியிலிருந்து மூன்றரை மீட்டர் வரை கல் வழவழப்பாக இருக்கிறது. அதற்கு மேல், இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக, ஒரு பட்டை முழுக்க ஓட்டை. அம்மை வடு விழுந்த முகம்போல. அதற்கு மேலே மறுபடி சுத்தமான கல். அந்த ஓட்டைகளைப் போட்டது கடலில் கல்லைத் துளைத்து வாழும் ஒரு சிப்பி. கடல் சிப்பி தரையிலிருந்து ஆறு மீட்டர் உயரத்தில் பளிங்கைத் துளைக்க வேண்டுமென்றால், தூண் அந்த அளவுக்குக் கடலுக்குள் இறங்கியிருக்க வேண்டும். இன்று நாம் பார்க்க வேண்டுமென்றால் மறுபடி மேலே வந்திருக்க வேண்டும். அடிப்பகுதி தப்பித்தது, அது மண்ணில் புதைந்து கிடந்ததால். சார்ல்ஸ் லையெல் என்ற புவியியலாளர் 1828-இல் இங்கே வந்து பார்த்தார். 1830-இல் வெளியான அவருடைய நூலின் முகப்புப் படமே இந்த மூன்று தூண்கள்தான். பூமி மெல்ல மெல்ல, இன்றும் மாறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அவர் காட்டிய சாட்சி இது.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலையும் தூணையும் சேர்த்துப் பார்த்தார். தூக்குக்குண்டு இல்லாத இடத்தில் அவர் செய்கிற வேலை. "கடல் பக்கமா ஒரு துளி சாஞ்சிருக்குது" என்றார். கடலுக்குள் போய்த் திரும்பி வந்த தூண் ஒரு துளிதான் சாய்ந்திருக்கிறது என்பதில் அவருக்கு அன்று முழுக்க ஆச்சரியம் தீரவில்லை.

அதற்குப் பிறகு ஃப்ளாவியன் அரங்கம். அது மேட்டில், காலையில் நாங்கள் இறங்கிய நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆக, பெட்டியோடு இறங்கிய அதே மேட்டைப் பெட்டி இல்லாமல் மறுபடி ஏறினோம். நீங்கள் மெட்ரோவில் வந்தால் இதை முதலில் பார்த்துவிட்டு இறங்குங்கள், எங்களைப் போல முட்டி வலியோடு திரும்ப வேண்டாம். இத்தாலியில் இருக்கும் ரோமானிய அரங்கங்களில் இது மூன்றாவது பெரியது. மேலே பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. இதன் அழகெல்லாம் கீழ்த்தளத்தில். விலங்குக் கூண்டுகளை மேலே ஏற்ற விட்ட சதுரத் துளைகளின் வழியாக வெளிச்சம் கட்டம் கட்டமாக விழுகிறது. நிழலில் முறிந்த தூண்கள் கிடக்கின்றன.

அண்ணன் அங்கேயும் சுவருக்குத்தான் போனார். சிறு சிறு கற்களை வைரக் கட்டமாக, மீன்வலை விரித்ததுபோல அடுக்கியிருந்தார்கள். உள்ளே நிரப்பியிருந்த கலவையை விரலால் சுரண்டப் போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இது எந்த ஊருன்னு சொன்ன?"

"பொட்ஸுவோலி. லத்தீன்ல புத்தேயோலி."

"பொஸ்ஸோலானாங்கறது இந்த ஊருப் பேருதானா?"

அதுதான். நம் ஊரில் வீடு கட்டிய யாருக்கும் பி.பி.சி. சிமெண்ட் மூட்டை தெரியும். போர்ட்லேண்ட் பொஸ்ஸோலானா சிமெண்ட் என்று மூட்டையிலேயே அச்சடித்திருக்கும். அந்த நடுச் சொல் இந்த ஊரின் பெயர். இங்கத்து எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கு அடியிலும் இறுகும் என்று ரோமானியர் கண்டுபிடித்தார்கள். ஏரோது அரசன் செசரியாவில் துறைமுகம் கட்டியபோது, மத்தியதரைக் கடலின் அந்தக் கோடிக்கு, இந்த நேப்பிள்ஸ் விரிகுடாவிலிருந்துதான் சாம்பல் கப்பலில் போனது. அண்ணன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் மூட்டை பிரித்திருப்பாரோ. அவருக்கு அது அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த சிமெண்ட், அவ்வளவுதான். அரங்கத்தின் இருட்டில் நின்று ஊரில் உள்ள மேஸ்திரிக்கு போன் போட்டார். அங்கே அப்போது இரவு எட்டு மணி. "டேய், பொஸ்ஸோலானா ஊருல நிக்கறன்டா" என்றார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று தெரியவில்லை.

சாயங்காலம் சாப்பாட்டுப் பிரச்சினை. மீன்பிடித் துறை, எங்கே பார்த்தாலும் பொரித்த மீன் வாசம். மரினாரா பிட்ஸா என்றால் பேர்தான் மாலுமி பிட்ஸா, மேலே தக்காளி, பூண்டு, ஒரிகானோ மட்டும். மீனும் இல்லை, பாலாடைக்கட்டிகூட இல்லை. கத்தரிக்காய் அடுக்கிச் சுட்ட பார்மிஜானா கிடைக்கும். உருளைக்கிழங்கு போட்ட பாஸ்தாவும் கிடைக்கும், ஆனால் அதில் சில இடங்களில் பன்றிக் கொழுப்புத் துண்டு போடுவார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இந்தக் கடைசி அறிவு எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நேப்பிள்ஸுக்கு வந்த நாளிலிருந்து அண்ணனுக்கு ஒரு பிஸ்கட் பிடித்துப்போனது. தராலி. முறுக்கு மாதிரி வளையமாகத் திரித்து, மேலே பாதாம் பதித்து, நிறைய மிளகு போட்டுச் சுட்டது. "நம்ம காரச்சேவு கெட்டது போ" என்று ஒரு நாளைக்கு நாலு சாப்பிடுவார், புரட்டாசிக்கு ஏற்ற பலகாரம் என்று. அன்று கடையில் சும்மா இருக்காமல் பெயரட்டையை போனில் மொழிபெயர்த்தேன். சுஞ்ஞா எ பெப்பே. மிளகும் பன்றிக் கொழுப்பும்.

அண்ணன் கையிலிருந்த பாதியைக் கடைக்காரர் முன்னால் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மிளகு நல்லா இருந்துச்சு" என்றார்.

மிளகுக்கும் அந்தத் துறைக்கும் பழைய பழக்கம். நம் மேற்குக் கரையிலிருந்து செங்கடல் வழியாக எகிப்துக்கும், அங்கே அலெக்ஸாண்ட்ரியாவில் கப்பல் மாறி ரோமுக்கும் போன சரக்கு, பல காலம் வந்து இறங்கிய இடம் இந்தப் புத்தேயோலி. அலெக்ஸாண்ட்ரியக் கப்பல்களின் முன்னோடிப் படகுகள் தெரிந்ததும் ஊரே துறையில் கூடி நின்றதை ரோமானியச் சிந்தனையாளர் செனெகா தன் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார். செங்கடல் வரியைக் குத்தகை எடுத்த அன்னியுஸ் ப்ளொக்காமுஸ் என்பவரின் ஆள் ஒருவர் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரையேறினார் என்று ரோமானிய எழுத்தாளர் ப்ளினி சொல்கிறார். அந்தக் குடும்பத்தின் பெயர் இந்த ஊர்க் கல்வெட்டுகளில் கிடைத்திருக்கிறது. எதிர்த் திசையில், அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த மதுச் சாடிகளில் சில, எரிமலைக் கருமணல் கலந்த இந்த வட்டாரத்துக் களிமண்ணில் செய்தவை. நாங்களும் அன்று துறையில் கப்பலுக்காக நின்றவர்கள்தானே. வராத கப்பலுக்காக.

இரவு தங்க ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் அறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். சாவியைக் கொடுக்கும்போதே மாடிப்படியைக் காட்டி, லிஃப்டைக் காட்டி, விரலை ஆட்டினார்: அதிர்வு வந்தால் லிஃப்டில் ஏறாதே. மூலையில் மக்கள் கூட வேண்டிய இடத்தின் பச்சைப் பலகை இருக்கிறது என்று ஜன்னல் வழியாகக் காட்டினார். அந்த மே மாதம் 20-ஆம் தேதி 4.4 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்து, பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. எரிமலைக்காக ஊருக்கு 2012 முதல் மஞ்சள் எச்சரிக்கை இருக்கிறது.

ராத்திரி இரண்டரை மணி இருக்கும். முதலில் வந்தது சத்தம். தூரத்தில் கல்குவாரியில் வேட்டு வைத்ததுபோல, தரைக்கு அடியிலிருந்து, ஒரே ஒரு 'டொம்'. அடுத்த நொடி கட்டில் ஒரு முறை குதித்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கி நின்றது. அவ்வளவுதான், எல்லாம் இரண்டு மூன்று நொடி. இங்கே அதிர்வுகள் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்திலேயே நடப்பதால் சின்னதுகூடப் பெரிதாகக் கேட்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் அதெல்லாம் யாருக்குத் தெரியும்? இருட்டில் செருப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. பாஸ்போர்ட் பெட்டிக்குள், பெட்டி பூட்டில், பூட்டின் எண் நினைவில்லை. அண்ணன் ஏற்கெனவே வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

ஆகவே இது: அங்கே தங்கினால், படுக்கும் முன் செருப்பு, சாவி, பாஸ்போர்ட், போன், டார்ச் எல்லாம் ஒரு கைப்பையில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். தலைக்கு மேலே கனமான படமோ அலமாரியோ இருந்தால் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். நேப்பிள்ஸில் உள்ள வெசுவியஸ் ஆய்வகம், 1841-இல் தொடங்கியது, ஒவ்வொரு அதிர்வையும் சில நிமிடங்களில் இணையத்தில் போட்டுவிடுகிறது. ஊர்க்காரர்கள் எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். வதந்தியைப் படித்துப் பயப்படுவதைவிட அது நல்லது. யூடியூபில் பழைய வீடியோ பார்த்து, புகை கக்கும் சோல்ஃபத்தாராவுக்குள் போகலாம் என்று வராதீர்கள். 2017-இல் ஒரு குடும்பத்தில் மூவர் இறந்ததிலிருந்து அது மூடியே கிடக்கிறது. கந்தக வாசம் வேண்டுமென்றால் காற்று திரும்பினால் தெருவிலேயே வரும், அழுகிய முட்டை மாதிரி. புத்தேயோலி என்ற பெயருக்கே கிணறுகள் என்று ஒரு விளக்கமும் நாற்றம் என்று இன்னொரு விளக்கமும் சொல்கிறார்கள்.

மாடிப்படியில் விளக்கு எரிந்தது. வீட்டுக்கார அம்மா இரவு உடையில், ஒரு கையில் போனோடு வந்தார். "தூத்தோ அ போஸ்தோ" என்றார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று. போனில் எண்ணைக் காட்டினார்: 2.1. இதற்கெல்லாம் எழுந்தீர்களா என்பதுபோல ஒரு பார்வை.

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. படிக்கட்டுச் சுவரில் மேலிருந்து சாய்வாக இறங்கிய ஒரு விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரிசல் வளர்கிறதா என்று தெரிய, அதன் நுனியில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வைப்பது அவருடைய வழக்கம். பையைத் துழாவிப் பென்சிலை எடுத்துக்கொண்டு கிட்டே போனவர் அப்படியே நின்றார். அங்கே ஏற்கெனவே கோடுகள் இருந்தன. ஒன்றன் கீழ் ஒன்றாக, சாய்ந்த கையெழுத்தில் தேதிகளோடு. மேலே உள்ளவை மங்கியிருந்தன. ஒன்றில் 83 என்று படிக்க முடிந்தது. கீழே 20/5, அதற்குக் கீழே இரண்டு.

அண்ணன் பென்சிலை அந்த அம்மாவிடம் நீட்டினார். அவர் வாங்கி, அதே பென்சிலால் நுனியில் கோடு போட்டு, அன்றைய தேதியை எழுதி, திருப்பிக் கொடுத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. அரை மணி நேரம் அந்தப் படியில் நின்று சுவரைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். அவர் கோடுகளைக் காட்டினார், இவர் பூச்சைத் தட்டி ஓசை கேட்டார். நான் போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் காற்று இறங்கியிருந்தது, முதல் படகிலேயே போனோம். புரோசிடாவைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். நிறங்களெல்லாம் அப்படியேதான் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது தீவிலிருந்து நேராக நேப்பிள்ஸுக்கே படகு இருந்தது. "பொட்ஸுவோலி வழியாப் போலாம்" என்றார் அண்ணன். மகளுக்குக் காரணம் புரியவில்லை. ஒரு வகையில் நல்லதாகவே போயிற்று. ரியோனே தெர்ரா என்ற பாறை மேட்டுப் பழைய ஊரும் அங்குள்ள பேராலயமும் வாரக் கடைசியில்தான் பார்க்க வாய்க்கும். 1970 மார்ச் 2 அன்று, தரை எழும்புகிறது என்று அந்த மேட்டில் இருந்த எல்லாரையும் ராணுவ வண்டிகளில் ஏற்றிக் காலி செய்தார்கள். போனவர்கள் திரும்பிக் குடியேறவில்லை. தெருக்கள் சீராக்கி, பூச்சுப் பூசி, வீட்டு வாசல்கள் எல்லாம் மூடி, சத்தமில்லாமல் இருக்கிறது. கீழே புதைந்திருக்கும் ரோமானியத் தெருவைப் பார்க்க முன்பதிவு வேண்டும்; நாங்கள் செய்யவில்லை, நீங்கள் செய்துவிடுங்கள். பேராலயம் 1964-இல் தீப்பிடித்தபோது பூச்செல்லாம் உதிர்ந்து, உள்ளேயிருந்து ரோமானியக் கோயிலின் பளிங்குத் தூண்கள் வெளியே வந்தன. இப்போது தூண்களுக்கு நடுவே கண்ணாடி போட்டு இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். உள்ளே திருப்பலி நடந்துகொண்டிருந்தது, குழந்தை ஒன்று தூணைக் கட்டிப்பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு அந்த வீட்டுக்குப் போனோம். மகள் மணியை அடித்து, என்ன சொல்வது என்று தெரியாமல், "என் மாமா உங்கள் சுவரைப் பார்க்க வந்திருக்கிறார்" என்றாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரிசலின் நுனிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"கோட்டைத் தாண்டல" என்றார்.

மகள் மொழிபெயர்த்தாள். அந்த அம்மா மூன்று விரலைக் காட்டி ஏதோ சொன்னார். மூன்று நாளில் எப்படித் தாண்டும், அடுத்த வருடம் வரச் சொல்லு என்றாராம்.

அண்ணன் தலையாட்டினார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "அப்புறம் இதையும் கேளு கண்ணு," என்றார், "கொழுப்புப் போடாம, எண்ணெய்ல செஞ்ச தராலி எங்க கிடைக்குமாம்?"